பீக்கரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்கவில்லை என்ற மாணவிக்கு

மார்த்தாண்டம் பக்கத்தில் எம்.எஸ்சி இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு மாணவியின் கேள்வி இது. அவளுக்கு ஆசை கருந்துளை மேல். கைடு கொடுத்த ப்ராஜெக்டோ கே.டி.பி (பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்) என்ற உப்பில் படிகம் வளர்ப்பது. "பெரிய விஞ்ஞானிகள் எல்லாம் தங்களுக்குப் பிடித்ததைத்தானே ஆராய்ந்திருப்பார்கள்? அவர்களுக்கு ரொம்பப் பிடித்த ஆராய்ச்சிகள் எவை? எனக்கு மட்டும் ஏன் பீக்கரும் வடிதாளும்?" என்று கேட்டிருக்கிறாள்.

நாகர்கோவிலில் முப்பது வருஷத்துக்கு மேல் இயற்பியல் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வில் இருக்கிறேன். பழக்க தோஷத்தில் 'நீ' என்றே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே மக்களே.

முதலில் ஒரு ஆறுதல். நம் மாவட்டத்தில் இயற்பியலில் மேற்படிப்பு முடித்தவர்களில் படிகம் வளர்க்காத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காரணம் எளிது. உப்பு, காய்ச்சி வடித்த தண்ணீர், பீக்கர், பொறுமை, இவ்வளவு போதும். கோடி ரூபாய்க் கருவி வேண்டாம். நானும் வளர்த்தவன்தான். என்னுடையது ஏ.டி.பி, பொட்டாசியத்துக்குப் பதில் அம்மோனியம் உள்ள உப்பு, உன் கே.டி.பி-க்குப் பங்காளி. நாற்பது நாளுக்கு மேல் காத்திருந்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒன்று வந்திருந்தது. ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் பீக்கரைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். "அழுக்குத் தண்ணி கெடந்துச்சு சார், நான்தான் கொட்டிக் கழுவி வச்சேன்." அன்றைக்கு எனக்கும் கருந்துளைதான் தோன்றியது, வேறு அர்த்தத்தில்.

சரி, கேள்விக்கு வருகிறேன். பிடித்த ஆராய்ச்சி என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று இருந்திருக்கிறது, அது உண்மை. ஆனால் கடையில் சேலை எடுப்பதுபோல யாரும் அதைப் பார்த்துப் பார்த்து எடுக்கவில்லை. நான் படித்துத் தெரிந்துகொண்ட வரையில், முக்கால்வாசிப் பேருக்கு அது தற்செயலாகக் கையில் வந்து மாட்டியது. பக்கத்தில் உட்கார்ந்து பல நாள் பார்த்த பிறகுதான் பிடித்துப்போனது. முதலில் பிடித்து அப்புறம் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு.

பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலியை எடுத்துக்கொள். 1930 வாக்கில் அவருக்கு வேலை இல்லை. பம்பாய் அருங்காட்சியகத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலை போய்விட்டது. கையில் காசு இல்லாமல் கடற்கரையோரம் கிஹிம் என்ற ஊரில் ஒரு வீட்டில் போய்த் தங்கினார். வீட்டுக்குப் பக்கத்து மரத்தில் தூக்கணாங்குருவிக் கூட்டம். வேறு வேலையும் இல்லை, உட்கார்ந்து பார்த்தார். ஆண் குருவி கூட்டைப் பாதிவரை பின்னிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. பெண் குருவிகள் வந்து, வாடகை வீடு பார்ப்பவர்கள்போல உள்ளே நுழைந்து பார்க்கின்றன. கூடு பிடித்திருந்தால்தான் ஜோடி சேரும். மீதியை ஆண் அதற்குப் பிறகே கட்டி முடிக்கிறது. பெண் முட்டையிட்டு அடைகாக்க உட்கார்ந்ததும் ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி, அடுத்த பெண்ணை வரவழைக்கப் பார்க்கிறது. அதுவரை இந்த விவரத்தை யாரும் முழுசாகச் சொன்னதில்லை. அவர் பெயர் வெளியே தெரியத் தொடங்கியது இதைப் பற்றி எழுதிய கட்டுரையால்தான். மூன்று வருஷம் கழித்து, 1933-ல், திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தார். அப்போது நம் குமரியும் திருவிதாங்கூரில்தான் இருந்தது. தேரூர் குளத்தங்கரையில் பனைமரத்தில் தொங்கும் கூடுகளை நீ எத்தனை தடவை பஸ்ஸில் கடந்து போயிருப்பாய்? பாதி கட்டின கூடும் அந்த மரத்தில் இருக்கும், போய்ப் பார்.

டார்வின் கதை இன்னும் ருசியானது. எல்லாரும் அவரைக் குரங்கோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அவர் அதிக காலம் கூடவே வைத்திருந்தது மண்புழுவை. 1837-ல் தாய்மாமா வெட்ஜ்வுட் தன் மேய்ச்சல் நிலத்தைக் காட்டி, வருஷங்களுக்கு முன் மேலே தூவிய சுண்ணாம்பும் சாம்பல் கட்டியும் இப்போது மண்ணுக்குள் போய்விட்டன, இது புழுவின் வேலையாக இருக்கலாம் என்றார். (பிறகு அந்த மாமாவின் மகளையே டார்வின் கட்டிக்கொண்டார். அந்த வழக்கம் நமக்கு மட்டும் சொந்தமில்லை.) மாமா சொன்னதைப் பிடித்துக்கொண்டவர் நாற்பது வருஷத்துக்கு மேல் விடவில்லை. 1842 டிசம்பரில் வீட்டுக்குப் பக்கத்து நிலத்தில் சுண்ணக்கட்டித் துண்டுகளைப் பரப்பினார். பரப்பிவிட்டு என்ன செய்தார்? காத்திருந்தார். 1871 நவம்பரில் குழி வெட்டிப் பார்த்தார். 29 வருஷத்தில் அந்த வெள்ளை வரிசை 7 அங்குலம் கீழே போயிருந்தது. இங்கிலாந்தின் பல இடங்களில் ஒரு ஏக்கரில் வருஷத்துக்கு 10 டன்னுக்கு மேல் மண் புழுக்களின் வயிறு வழியாக மேலே வருகிறது என்று கணக்குப் போட்டார். புழு ஆராய்ச்சிக்குக் குடும்பமே வேலை பார்த்தது. புழுவுக்குக் காது கேட்குமா என்று பார்க்க மகன் ஊதுகுழல் வாசித்தார், மனைவி பியானோ வாசித்தார், விசிலும் ஊதிப் பார்த்தார்கள். புழு அசையவில்லை. புழு இருந்த தொட்டியைப் பியானோ மேலேயே வைத்து ஒரு கட்டையை அழுத்தியதும் பொந்துக்குள் ஓடியது. காது இல்லை, அதிர்வு தெரிகிறது. இதையெல்லாம் எழுதிப் புத்தகம் வெளிவந்தது 1881 அக்டோபரில். அடுத்த ஏப்ரலில் அவர் இறந்துவிட்டார்.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லாமல் போக மனசில்லை. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் நாடகம் 1891-ல் வெளிவந்தது. நம் நாஞ்சில் நாட்டு நிலத்துக்காக இரண்டு ராஜாக்கள் மோதிக்கொள்ளும் கதை. அதற்கு நடுவே ஒரு பாத்திரம் குனிந்து நாங்கூழ்ப் புழுவைப் பார்த்து, உழுகிறவர்களுக்கெல்லாம் அரசன் நீதான் என்று வியந்து பேசும். டார்வின் புத்தகத்துக்கும் இதற்கும் பத்து வருஷ இடைவெளி. தொடர்பு உண்டா என்ற விவாதத்தைத் தமிழ்த் துறைக்காரர்களிடம் விட்டுவிடுகிறேன். மண்புழுவைக் குனிந்து பார்த்த இரண்டு பேர் என்கிற அளவில் எனக்கு இருவரும் உறவுக்காரர்கள்.

இயற்பியலுக்கு வருவோம், உனக்கு அதுதானே. ராமன் என்றதும் 1928 பிப்ரவரி 28, நோபல் பரிசு என்று ஒப்பிப்பாய். அவர் மத்திய அரசின் நிதித்துறையில் அதிகாரியாக இருந்தவர் என்பது தெரியுமா? பகலெல்லாம் கணக்குக் கோப்பு. காலையிலும் மாலையிலும் கல்கத்தா பௌபஜாரில் இருந்த அறிவியல் சங்கத்தின் ஆய்வுக்கூடம். பத்து வருஷம் இப்படி ஓடியது. யாரும் சம்பளம் கொடுக்காத அந்த நேரத்திலும் அதற்கு அடுத்த சில வருஷத்திலும் அவர் எதை எடுத்தார் என்று பார். வயலின், வீணை, தம்பூரா, மிருதங்கம்! 1920-ல் தாளக் கருவிகளைப் பற்றி அவர் எழுதிய சிறு கட்டுரை நேச்சர் இதழில் வந்தது. விஷயம் இதுதான். இழுத்துக் கட்டிய சாதாரணத் தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள், அதாவது அடிப்படை ஒலியோடு சேர்ந்து வரும் உயர்ந்த ஒலிகள், ஒன்றுக்கொன்று முழு எண் விகிதத்தில் அமையாது. அதனால்தான் அது வெறும் 'டம்' என்று கேட்கிறது, சுதி நிற்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவில் கறுப்பாகச் சாந்து பூசியிருக்கிறார்கள் அல்லவா? அந்தக் கனம் தோலின் அதிர்வுகளை மாற்றி, மேற்சுரங்களை 1, 2, 3, 4, 5 என்ற விகிதத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. தோல் கருவி தந்திக் கருவிபோலப் பாடத் தொடங்குகிறது. இதைக் கண்ணால் பார்க்க அவர் தோல்மேல் நுண்மணலைத் தூவி, மணல் எந்தக் கோட்டில் போய்ச் சேருகிறது என்று கவனித்தார். மணலும் மிருதங்கமும் கிடைக்காத ஊரா நம்முடையது? சுசீந்திரம் மார்கழித் திருவிழாவில் வாசிக்கிறவர் யாரிடமாவது பேசிப் பார். சாந்து கொஞ்சம் உதிர்ந்தால் சத்தம் என்ன ஆகிறது என்று எந்தப் பாடப்புத்தகத்தையும்விட நன்றாகச் சொல்வார்கள்.

அதே ராமன் 1921-ல் இங்கிலாந்தில் இருந்து கப்பலில் திரும்பும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். கடல் நீலமாகத் தெரிவது வானத்தின் பிரதிபலிப்பு என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் சட்டைப்பையில் ஒரு நிக்கோல் பட்டகம் வைத்திருந்தார், ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற படிகத் துண்டு. அதன் வழியாக, மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியை மறைக்கிற கோணத்தில் பார்த்தார். வானத்தின் பிரதிபலிப்பு போயிற்று, நீலம் போகவில்லை, இன்னும் அடர்ந்தது. அப்படியானால் நீலம் தண்ணீருக்குள் ஒளி சிதறுவதால் வருகிறது. ஏழு வருஷம் கழித்து வந்த கண்டுபிடிப்புக்கு வேர் இங்கேதான். விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகில் ஏறும்போது போலராய்டு கண்ணாடி ஒன்றை மாட்டித் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார், நீயே சரிபார்த்துக்கொள்ளலாம். கூட்டத்தில் யாராவது ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

உன் கருந்துளைக்கும் ஒரு ஆள் இருக்கிறார். சந்திரசேகர் 19 வயதில், 1930-ல், கப்பலில் போகும்போதே வெள்ளைக் குள்ளன் எனப்படும், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்களைப் பற்றிக் கணக்குப் போட்டவர். கருந்துளைக்குப் போகும் பாதை அதில் இருந்தது. ஆனால் அவர் அங்கேயே உட்காரவில்லை. சுமார் பத்து வருஷத்துக்கு ஒரு துறை என்று மாறிக்கொண்டே இருந்தார். கருந்துளைகளின் கணிதத்தில் முழுசாக இறங்கியபோது அறுபதைத் தாண்டியிருந்தார். நீ இப்போது பீக்கர் பிடித்தால் கருந்துளை ஓடிவிடாது.

நம் ஊர்ப் பையன்களுக்கு விஞ்ஞானி என்றால் இஸ்ரோவின் எஞ்சின் சோதனை மையம் இருக்கும் மகேந்திரகிரிக்குப் பஸ் ஏறுகிறவர். அதில் தப்பில்லை. இஸ்ரோ தலைவர்களாக வந்த கே. சிவன் சரக்கல்விளைக்காரர், வி. நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே 'பிடித்த ஆராய்ச்சி' என்று தனியாக ஒன்றை வைத்துக்கொள்ள முடியாது, குழு எதைச் செய்கிறதோ அதுதான். 1990-களில் தொடங்கிய உள்நாட்டு கிரையோஜெனிக் எஞ்சின் 2010 ஏப்ரலில் முதன்முறை பறந்தபோது தோற்றது. 2014 ஜனவரியில் ஜெயித்தது. மைனஸ் 253 டிகிரியில் இருக்கும் ஹைட்ரஜனைக் கையாளும் ஒரு எஞ்சினோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்தினால், பிடித்ததா கடமையா என்ற பிரிவே மறந்துபோகும் என்று நினைக்கிறேன்.

பொறுமைக்கு ஒரு வேடிக்கையான உதாரணமும் உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927-ல் பார்னெல் என்ற பேராசிரியர் ஒரு புனலில் கீலைக் காய்ச்சி ஊற்றி வைத்தார். கல்போல இருக்கும் கீலும் ஒரு திரவம்தான், ஒழுகும் என்று மாணவர்களுக்குக் காட்ட. ஏறக்குறைய பத்து வருஷத்துக்கு ஒரு சொட்டு. பின்னால் அதைப் பார்த்துக்கொண்ட மெயின்ஸ்டோன், பல பத்தாண்டு காவல் இருந்தும் ஒரு சொட்டு விழுவதைக்கூட நேரில் பார்க்கவில்லை. 1988-ல் ஏதோ குடிக்க வெளியே போன சில நிமிஷத்தில் விழுந்தது. 2000-ல் கேமரா வைத்தார், கேமரா பழுதாகிவிட்டது. 2013-ல் அவர் இறந்தார். அடுத்த சொட்டு 2014-ல். என் ஏ.டி.பி-யைக் கொட்டின கதையை இவரிடம் சொன்னால் சிரித்திருப்பார்.

இப்போது நம் கரைக்கு வருகிறேன். குமரியில் பலநிற மணலைப் பாக்கெட்டில் போட்டு விற்பதைப் பார்த்திருப்பாய். பகவதி அம்மனின் கல்யாணம் நடக்காமல் போனதால் சமைக்காமல் கிடந்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்பது நம் பாட்டிமார் கதை. இயற்பியல்காரன் கதை வேறு. மலைப் பாறை கரைந்து ஆற்றோடு கடலுக்கு வருகிறது. அலை கரையில் முறத்தால் புடைக்கிறமாதிரி புடைக்கிறது. தண்ணீரை 1 என்று வைத்தால், சாதாரண வெள்ளை மணலின் அடர்த்தி 2.65. சிவப்புக் கார்னெட் 4 அளவில், கறுப்பு இல்மனைட் 4.7 அளவில், தேன் நிற மோனசைட் 5-ஐ ஒட்டி. லேசானதை அலை திருப்பி எடுத்துப் போகிறது, கனமானது தங்குகிறது. பதர் போய் நெல் நிற்பதுபோலத்தான்.

இந்த மணலை உலகம் கண்டுபிடித்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இந்தப் பக்கத்திலிருந்து போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் தட்டிவிட்டுக் கயிற்றை எடுத்திருப்பார்கள். அவர் கயிற்றை விட்டுவிட்டு மணலைச் சோதித்தார். மோனசைட். அதில் தோரியம் இருக்கிறது. அந்தக் காலத்தில் விளக்குத் திரிக்கு, அதாவது பெட்ரோமாக்ஸில் கட்டுகிற மேண்டிலுக்கு, தோரியம் ஆக்சைடுதான் உயிர். மணல் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு மணவாளக்குறிச்சிக்கே வந்து தொழிற்சாலை போட்டார். கல்யாண ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸ் தூக்கிப்போனவர்களுக்குத் தெரியாது, விளக்கின் வெளிச்சத்துக்கு வேண்டிய சரக்கு தங்கள் ஊர்க் கரையில் கிடக்கிறது என்று.

அந்தத் தோரியத்தால் இந்தக் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு அதிகம். தலைமுறை தலைமுறையாக மக்கள் அதன்மேல் வாழ்கிறார்கள் என்பதால் உலகம் முழுவதும் ஆய்வாளர்களுக்கு இந்தக் கடற்கரை மேல் ஒரு கண். வடக்கே கேரளத்துக் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை வருஷம் தொடர்ந்து கவனித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். இயற்கைக் கதிர்வீச்சு கூடிய இடத்தில் புற்றுநோயும் கூடியதாக அதில் தெரியவில்லை. இதை வைத்து மணல் அள்ளுவது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. கரை அரிப்பு, வீடு, தொழில் என்று கடற்கரைக்காரர்களின் கேள்விகள் வேறே நிறைய. ஒரு கேள்விக்குக் கிடைத்த பதிலை இன்னொரு கேள்விக்கு நீட்டிக்கொண்டு போகிறவர்களை நான் இரண்டு பக்கத்திலும் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக உன் கே.டி.பி. பிடிக்கவில்லை என்றாய். அமெரிக்காவில் லிவர்மோர் ஆய்வகத்தில் 192 லேசர் கற்றைகளை ஒரு மிளகு அளவுள்ள எரிபொருள் உருண்டைக்காகச் செலுத்துகிறார்கள். 2022 டிசம்பர் 5-ம் தேதி 2.05 மெகாஜூல் ஒளி உள்ளே போய் 3.15 மெகாஜூல் வெளியே வந்தது, அணு இணைவில் ஆய்வகத்தில் முதன்முறையாக. அந்த லேசர் கிளம்பும்போது அகச்சிவப்பு, இலக்கைத் தொடும்போது புற ஊதா. நடுவில் நிறத்தை மாற்றித் தருவது எது தெரியுமா? உன் பீக்கரில் இருக்கிற அதே கே.டி.பி. அங்கே ஒரு படிகம் முந்நூறு கிலோவுக்கு மேல். பழைய முறையில் அந்த அளவுக்கு வளர்க்க இரண்டு வருஷம் போல ஆகும். வேகமாக வளர்க்கும் முறை ஒன்றைக் கண்டுபிடித்து இரண்டு மாதத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதைச் செய்தவர்களும் பீக்கரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தான்.

எனக்கு இந்த வேலை பிடிக்கத் தொடங்கியது இரண்டாவது முறை வளர்த்தபோது. இடுக்கியால் எடுக்கும்போது ஒரு மூலை உடைந்துவிட்டது. எரிச்சலில் அப்படியே கரைசலுக்குள் திரும்பப் போட்டேன். சில நாளில் பார்த்தால் உடைந்த மூலை தன்னைத் தானே கட்டிக்கொண்டு முன்பிருந்த அதே கூர்மைக்கு வந்திருக்கிறது. படிகம் சிறிதோ பெரிதோ, முகங்களுக்கு இடையே உள்ள கோணம் மாறாது என்று ஸ்டீனோ 1669-லேயே எழுதிவிட்டார், பரீட்சைக்கு நானும் எழுதியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அதை நம்பினேன். உன்னுடையதிலும் ஒரு சின்னப் படிகத்தை எடுத்து வேண்டுமென்றே ஒரு மூலையை உடைத்து, தினமும் போட்டோ எடுத்துவை. கைடிடம் முதலிலேயே சொல்லிவிடு, இல்லாவிட்டால் திட்டு விழும்.

வேலைக்கு ஆகிற விஷயம் சில. பீக்கரை ஜன்னல் பக்கம் வைக்காதே. மதியச் சூட்டில் படிகம் கரையும், ராத்திரிக் குளிரில் தூள் தூளாகப் புதுசு இறங்கும். வாயை மூடி ஊசியால் நாலைந்து ஓட்டை மட்டும் போடு. நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை, அந்த மாதங்களில் ஆவியாவது மந்தமாகும், கைடு சொன்ன நாள் கணக்கை நம்பி இருக்காதே. பீக்கர் மேல் 'கொட்டக் கூடாது' என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டு.

அப்புறம், வெயில் காலத்தில் ஒரு மாலை புத்தளம் பக்கம் உப்பளத்துக்குப் போய் வா. பாத்தியில் வெயில் வேகமாகத் தண்ணீரை இழுப்பதால் உப்பு பொடியாக, வெள்ளையாக விழும். உள்ளே நீர்த்துளி சிக்கியிருப்பதால்தான் அந்த வெள்ளை. யாரும் கலக்காத மூலையில் தண்ணீர் தங்கி மெதுவாக வற்றியிருந்தால், அங்கே கண்ணாடிபோல ஒன்றிரண்டு கட்டி கிடக்கும். வாருகிறவர்களிடம் கேட்டு ஒன்று எடுத்துக்கொள். உன் பீக்கருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.